100 வாட் வால்வு ஹெட்டா, 50 வாட் காம்போவா? வேலூரில் ராக்கும் மெட்டலும் வாசிக்க ஓர் ஆம்ப்

கேள்வி: காட்பாடி கல்லூரி மாணவர் ஒருவர், 2025 மே 11, மாலை

அண்ணா, நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு ஹம்பக்கர் (நரம்பின் அதிர்வைப் பிடிக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள கிட்டார் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடகர் குழுவுடன் வாசிப்பேன். மற்ற நாள்களில் நண்பர்களுடன் மெட்டல். சீனியர் ஒருவர் பீவி 6505 ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) ஒன்றை விற்கிறார். அவருடைய மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்தது. மெட்டலுக்கு 100 வாட்டுக்கு மேல் வால்வு ஆம்ப்தான் சரி, மற்றதெல்லாம் பொம்மை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதையே வாங்கிவிட்டால் ராக், மெட்டல், ஆலயம் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். சரிதானே?

மே 11, இரவு

சரியில்லை. ஸ்பீக்கர் கேபினெட்டும் சேர்த்துத் தருகிறாரா, பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது, நீங்கள் குடியிருப்பது தனி வீடா போர்ஷனா என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள்.

மே 12

கேபினெட் கிடையாது, 120 வோல்ட், சத்துவாச்சாரியில் மாடிப் போர்ஷன், கீழே வீட்டுக்காரர் குடும்பம் என்று பதில் வந்திருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலே யோசிக்க வேண்டும். தம்பிக்கு எல்லாமே அமைந்திருக்கின்றன.

அந்த ஆம்பின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எடி வான் ஹாலனுடன் சேர்ந்து பீவி நிறுவனம் 1992இல் கொண்டுவந்த 5150தான் அது. 2004இல் அவர் விலகியபோது பெயரும் அவரோடு போய்விட்டதால், நிறுவனம் தொடங்கிய 1965ஐயும் அதன் நாற்பதாம் ஆண்டான 2005ஐயும் இணைத்து 6505 என்று புதுப் பெயர் வைத்தார்கள். உள்ளங்கையால் நரம்பை அமுக்கி வாசிக்கும் கனமான ரிஃப்புக்கு (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) அதைவிடப் பொருத்தமான ஆம்ப்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் நீங்கள் கேட்டது எல்லாவற்றுக்கும் ஆகும் ஆம்ப். முதல் 6505இல் ரிதம், லீட் என்று இரண்டு சானல்கள் இருந்தாலும் பேஸ், மிட், ட்ரெபிள் (தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலி) குமிழ்கள் இரண்டுக்கும் பொதுவானவை. லீடுக்குப் பொருத்தமாகத் திருப்பி வைத்ததை ரிதம் சானலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். தனித்தனிக் குமிழ்கள் பிளஸ் என்ற பெயரோடு வந்த மாடலில்தான் கிடைத்தன. அந்த ரிதம் சானலிலும் முழுச் சுத்தமான க்ளீன் (கரகரப்பில்லாத ஒலி) எளிதில் வராது; கெயினை, அதாவது ஒலியைக் கிழியவைக்கும் அளவை, கீழே இறக்கிக் கிட்டாரின் வால்யூமையும் குறைத்தால்தான் ஓரளவு தெளியும். ஆலயத்தில் கீர்த்தனைக்கு நடுவே ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக) வாசிக்க அதை நம்பிப் போக வேண்டாம்.

அடுத்தது கேபினெட். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கி வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோக வாய்ப்பு உண்டு. ஆகவே கேபினெட் வரும்வரை 'சும்மா போட்டுப் பார்ப்பது' கூடாது. பின்பக்கத்தில் 4, 8, 16 ஓம் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இருக்கும். அது கேபினெட்டில் எழுதியிருக்கும் ஓமுடன் ஒத்திருக்க வேண்டும். மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று நம் ஊரைப் பற்றி ஒரு வழக்கு உண்டல்லவா? 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குத் திரும்பியதும் அந்தக் கடைசி இடம் காலியாகிவிட்டது. ஸ்பீக்கரில்லா ஹெட்டை அங்கே சேர்க்கலாம்.

மே 12, சற்று நேரம் கழித்து

வோல்ட்டை விட்டுவிட்டேன். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. 60க்கு மட்டும் என்று வடிவமைத்த டிரான்ஸ்பார்மர் 50இல் கூடுதலாகச் சூடாகும். வேலூர் மே மாதத்தில் வால்வுக்கு ஹீட்டரே வேண்டாம் என்று நண்பர் ஒருவர் சொல்வார். அந்தச் சூட்டின்மேல் இந்தச் சூடு.

மே 14

'100 வாட்டும் 50 வாட்டும் ஒன்றா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும் அளவு. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வாட் பத்து மடங்காக வேண்டும். 100 வாட் ஆம்பின் பாதிச் சத்தத்தைத் தருவது 50 வாட் அன்று, 10 வாட்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். மெட்டல் கேபினெட்டுகளில் பரவலாகப் பயன்படும் செலெஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கரில் 1 வாட் செலுத்தினால் 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் வரும் என்பது நிறுவனம் தரும் அளவு. அந்த ஒரு வாட்டுக்கே வீட்டுக்காரர் மாடிப்படி ஏறுவார்.

மே 15

டிரான்ஸ்பார்மர் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஆற்காட்டிலிருந்து ஒருவர், 'எங்கள் குழுவில் இரைச்சல் வராமலிருக்க மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவோம், அப்படிச் செய்யலாமா?' என்று கேட்டிருக்கிறார்.

கூடாது. இரைச்சல் குறைவது உண்மைதான். ஆனால் உள்ளே ஏதாவது பழுதாகி ஆம்பின் உலோகப் பெட்டிக்கு மின்சாரம் ஏறினால், அது போக வேறு வழியின்றி நரம்பைத் தொட்டிருக்கும் உங்கள் கையில் ஏறும். பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு மைக்கில் உதடு பட்டதும் சுளீரென்று இருப்பதைச் சில மேடைகளில் நானே உணர்ந்திருக்கிறேன். கிட்டார் ஆம்பும் மிக்சரும் வெவ்வேறு எர்த்தில் இருந்தால் அப்படி நேரும். இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் இரைச்சலும் அடங்கும், அடியும் இருக்காது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்குகிறவர்களும் எர்த் அதன் வழியே தொடர்ந்து வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் காட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மே 18

வால்வு இல்லையென்றால் மெட்டல் இல்லை என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். பாண்டேரா என்ற மெட்டல் குழுவின் டைம்பேக் டாரல் தம் பெயரை நிலைநாட்டிய காலத்தில் வாசித்தது ராண்டலின் சாலிட் ஸ்டேட் (வால்வு இல்லாத, டிரான்சிஸ்டர்) ஆம்ப்களில். டெத் குழுவின் சக் ஷுல்டினர் பயன்படுத்திய மார்ஷல் வால்வ்ஸ்டேட்டில் ஒலியை வடிவமைக்கும் முன்பகுதியில் ஒரே ஒரு வால்வு இருக்கும், ஸ்பீக்கரை இயக்கும் பவர் பகுதி டிரான்சிஸ்டர். அவர்களைவிட நமக்கு மெட்டல் அதிகம் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் துணிச்சல் எனக்கு இல்லை.

வால்வின் சிறப்பு என்னவென்றால், பவர் பகுதியை நன்றாகத் திருகி வாசிக்கும்போது விரலின் அழுத்தத்துக்கு ஏற்பக் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்துப் பிறகு எழும் அந்தத் தன்மை. பழைய ராக் ஒலி பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் செய்த முதல் ஆம்ப், ஃபெண்டரின் பேஸ்மேனை அடியொற்றியது; இன்று நாம் டிஸ்டார்ஷன் என்று சொல்லும் அளவுக்கு அதில் முன்பகுதி கெயின் கிடையாது. சத்தமாக வைத்ததால்தான் அது கிழிந்து ஒலித்தது. மெட்டல் அந்த வழியை விட்டு விலகி, முன்பகுதியிலேயே கெயினை அடுக்கடுக்காகப் பெருக்கி, பவர் பகுதியை அசையாமல் இறுக்கமாக நிற்க விட்டது. ஆகவே வால்வு பவர் பகுதி இல்லாமற்போனால் ராக்குக்குத்தான் இழப்பு கூடுதல், மெட்டலுக்கு அல்ல. இணைய மன்றங்களில் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, 1981இல் வந்த மார்ஷல் ஜேசிஎம்800இன் 2203 மாடலுக்கு ஒரே சானல்தான். ரிவெர்ப் (அறை முழக்கம்) கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு ராக்கும் மெட்டலும் வாசித்தவர்கள் கிட்டாரின் வால்யூம் குமிழைத் திருப்பியே க்ளீனுக்கும் டிஸ்டார்ஷனுக்கும் இடையில் போய்வந்தார்கள். அந்தக் குமிழ் தம்பியின் கிட்டாரிலும் இருக்கிறது, பெரும்பாலும் எப்போதும் பத்திலேயே நின்றுகொண்டு.

மே 19

'ஆம்ப் வாங்கியதிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம், கடையில் இல்லை, வீட்டில் மட்டும்' என்று குடியாத்தத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இதே கதை. கெயினை ஏற்றியதும் ஒரு கரகரப்பு; பிக்கப்பை மாற்றலாமா, கேபிளை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டே ரெகுலேட்டரை மூன்றிலிருந்து ஐந்துக்குத் திருப்பினேன், கரகரப்பு மறைந்தது. நான்குக்கு வந்தால் மெல்லிய கரகரப்பு, இரண்டில் உச்சம். தடையின்றித் திரும்பும் சின்ன எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் மின்னலையை ஒவ்வொரு சுற்றிலும் வெட்டி வேகத்தைக் குறைக்கின்றன. அந்த வெட்டு ஒவ்வொன்றும் கிட்டார் பிக்கப்பில் ஏறுகிறது. முழு வேகத்தில் வெட்டு அநேகமாக இல்லை. 'டக் டக்' என்று படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டருக்கு மாற்றியபின் எந்த வேகத்திலும் தொல்லை இல்லை. விசிறியை அணைத்துவிட்டு வாசியுங்கள் என்று இந்த ஊரில் யாருக்கும் அறிவுரை சொல்ல முடியாது.

கரண்ட் போனதும் வரும் இரைச்சல் வேறு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் எந்த ஆம்பும் முனகும். சைன் வேவ் என்றால் பிரச்சினை குறைவு. வால்வு ஹெட்டை வீட்டு இன்வெர்ட்டரில் போடவே வேண்டாம்.

மே 25

தம்பி கேட்ட 'எல்லாவற்றுக்கும்' என்பதைப் பற்றித் திரும்ப யோசித்தேன். ராக்கிலிருந்து மெட்டலுக்குப் போவது அவ்வளவு தூரம் இல்லை. கெயினில் இரண்டு மூன்று புள்ளிகள், மிட்டில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். உண்மையான தூரம் மாடிப் போர்ஷனுக்கும் ஆலயத்துக்கும் கல்லூரி மேடைக்கும் நடுவில் இருக்கிறது. மூன்று இடங்களிலும் மூன்று விதச் சத்த அளவு, மூன்று விதச் சுவர், மூன்று விதமான கூட்டாளிகள். அந்த மூன்றையும் தாங்குவதைத்தான் பல்திறன் என்று நான் கொள்கிறேன். பெட்டியின்மேல் நூறு ஆம்ப்களின் பெயர் எழுதியிருப்பதில் பயனில்லை.

காட்பாடியில் ஒரு கல்லூரி மேடை. எங்கள் குழுவின் இன்னொரு கிட்டார்காரர் வீட்டில் மெதுவான சத்தத்தில் அமைத்த ஒலியை அப்படியே கொண்டுவந்திருந்தார்: பேஸ் எட்டு, மிட் ஒன்று, ட்ரெபிள் எட்டு. தனியாக வாசித்தபோது மலை உருண்டதுபோல் இருந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் ஆளையே காணோம். கை அசைவது மட்டும் தெரிந்தது. அவர் வால்யூமை ஏற்றினார், பாடகர் மானிட்டரை ஏற்றச் சொன்னார், டிரம்மர் இன்னும் ஓங்கி அடித்தார். மைக் செட் அண்ணன் மிக்சரை விட்டு எழுந்து மேடைக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அந்த ஆம்பின் மிட்டை ஆறுக்குத் திருப்பி, வால்யூமைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அதன்பிறகு ஒவ்வொரு ரிஃப்பும் கடைசி வரிசைவரை கேட்டது.

காரணம் எளியது. கிட்டாரின் அடி நரம்பு ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. டிராப் டி (அடி நரம்பை டி சுரத்துக்குத் தளர்த்துவது) வைத்தால் 73. அந்தப் பகுதி பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் பட்டா போட்ட இடம். மேலே சிம்பல்கள் இருக்கின்றன. கிட்டாருக்கு மீதியிருக்கும் வீடு மிட் மட்டுமே. அதைக் குடைந்து எடுத்துவிட்டால் குடியிருக்க இடமில்லை.

வீட்டில் அது ஏன் நன்றாகக் கேட்டது என்பதற்கும் பதில் உண்டு. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸையும் உச்ச ட்ரெபிளையும் குறைத்துத்தான் கேட்கும். பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். வீட்டில் குறைவதை ஈடுகட்ட நாம் அவ்விரண்டையும் ஏற்றுகிறோம். மேடையில் காதே அவற்றை முழுதாகக் கேட்கும்போது அந்த ஏற்றம் மிகையாகிவிடுகிறது. ஆகவே வீட்டுக்கு ஓர் அமைப்பு, மேடைக்கு ஓர் அமைப்பு என்று இரண்டு வேண்டும். அமைப்புகளை நினைவில் வைத்து ஒரு பொத்தானில் மாற்றித் தரும் ஆம்புக்கு என் வோட்டு விழுவது இதனால்தான்.

மே 26

நேற்று எழுதியதற்கு ஒரு வரம்பு. மிட்டை ஏற்று என்றால் எல்லா ஆம்பிலும் ஆறு என்று பொருளில்லை. சில ஆம்ப்களில் குமிழ் ஐந்தில் இருக்கும்போதே மிட் தூக்கலாக இருக்கும். ஃபெண்டர் வழி வந்தவற்றில் பத்தில் வைத்தாலும் அடக்கமாகவே இருக்கும். எண்ணைப் பார்க்காமல் டிரம்மரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு வையுங்கள்.

ஜூன் 1

எதை வாங்குவது என்று மூன்று பேர் நேராகவே கேட்டுவிட்டார்கள். என் பதில் 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள, சத்தத்தைக் குறைத்தாலும் ஒலி கெடாத, 50 வாட் அளவிலான மாடலிங் காம்போ: பல ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகத் தரும், ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள வகை.

இந்த வகையில் நான் அதிகம் வாசித்தது பாஸ் கட்டானா 50. முதலில் 2016இல் வந்தது. 2019இல் இரண்டாம் வடிவம், 2024இல் மூன்றாவது. பவர் சுவிட்சில் 0.5, 25, 50 என்று மூன்று நிலைகள் உண்டு. இரவு பத்து மணிக்கு அரை வாட்டில் வைத்துவிட்டு மாஸ்டரை மற்ற நிலைகளைவிடக் கொஞ்சம் தாராளமாகத் திறக்கலாம். க்ளீன் உண்மையிலேயே சுத்தம். ஆம்ப் வகைக் குமிழின் க்ரஞ்சில் எழுபதுகளின் ராக், லீடில் எண்பதுகள், பிரவுனில் மெட்டல் என்று பொதுவாகப் பிரித்துக்கொள்ளலாம். டிலே (எதிரொலி), ரிவெர்ப் உள்ளேயே இருப்பதால் தனிப் பெடல் (காலால் மிதித்து ஒலியை மாற்றும் கருவி) இல்லாமலே தொடங்கலாம். எடை 12 கிலோவுக்குள். ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு கிரீன் சர்க்கிள் நெரிசலில் நானே வந்திருக்கிறேன்.

லைன் 6 கேட்டலிஸ்ட் 60உம் இதே நோக்கத்தில் செய்ததுதான், 12 அங்குலம், குறைந்த வாட் நிலையும் உண்டு. கணினி, செயலி எதுவும் வேண்டாம், குமிழ் மட்டும் போதும் என்பவர் ஆரஞ்ச் க்ரஷ் 35 ஆர்டியைக் கேட்டுப் பார்க்கலாம். அது அனலாக், இரண்டு சானல், எஃபெக்ட் லூப் (முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவே பெடலை இணைக்கும் துளை) உண்டு, ஆனால் ஸ்பீக்கர் 10 அங்குலம். பெரிய மேடைகளில் ரோலண்ட் ஜேசி-120 வாடகைக்குக் கிடைத்தால் விடாதீர்கள். 1975இல் வந்த சாலிட் ஸ்டேட் ஆம்ப், இன்றுவரை க்ளீனுக்கு அளவுகோல். டிஸ்டார்ஷனை மட்டும் உங்கள் பெடலில் கொண்டுபோங்கள்.

க்ளீனை முதலில் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. டிஸ்டார்ஷன் போதாத ஆம்புக்கு ஒரு பெடல் வாங்கி முன்னால் வைத்துவிடலாம். க்ளீன் சரியில்லாத ஆம்புக்கு எந்தப் பெடலும் உதவாது.

ஜூன் 1, இரவு

ஆலயத்தில் ஆம்ப் எதற்கு, பெடலை நேராக மிக்சரில் செருகினால் போதாதா என்று தம்பி கேட்கிறார். க்ளீனுக்குப் போதும். டிஸ்டார்ஷன் பெடலைச் செருகினால் தேனீக்கூட்டைக் கலைத்ததுபோல் இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்குமேல் வருவதை வெட்டிவிடுகிறது. ஆலயத்துப் பெட்டிகளில் ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) இருப்பதால் எல்லாவற்றையும் ஒப்பிக்கும். டிஸ்டார்ஷனின் குப்பையெல்லாம் அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. மேலே சொன்ன மாடலிங் ஆம்ப்களின் ரெக்கார்டிங் அவுட்டில் ஸ்பீக்கரைப் போலவே வெட்டித் தரும் ஏற்பாடு உண்டு; அதிலிருந்து மிக்சருக்குக் கொடுங்கள். ஹெட்போனும் ரெக்கார்டிங்கும் ஒரே துளையாக இருந்தால், செருகியதும் ஆம்பின் சொந்த ஸ்பீக்கர் மௌனமாகிவிடும். அது பழுது அன்று.

ஜூன் 3

இரண்டாவது யோசனை. தம்பியிடம் மடிக்கணினி நிச்சயம் இருக்கும். ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸும் (கிட்டாரைக் கணினியில் இணைக்கும் கருவி) ஹெட்போனும் வாங்கினால், நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளில் அந்த 6505 உட்பட எத்தனையோ ஆம்ப்களின் ஒலியை வாசிக்கலாம். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒருமுறைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித்துண்டு) என்றால் ஒரு வழித் தாமதம் 2.7 மில்லி வினாடிதான், விரலுக்குத் தெரியாது. வீட்டுப் பயிற்சிக்கு மட்டும் என்றால் ஆம்பே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் மேடை இருக்கிறதே. பாட்டின் நடுவில் கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியதையும் ஒரு நண்பரின் முகத்தில் அப்போது ஓடியதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே ஜூன் 1 பதில் அப்படியே நிற்கிறது.

ஜூன் 8

'கட்டானாவில் கெயினைப் பத்தில் வைத்தும் ஆல்பத்தில் கேட்கும் கனம் வரவில்லை' என்று ஒரு குறை. பத்தில் வைப்பதுதான் காரணம்.

ஆல்பத்தில் கேட்பது ஒரு கிட்டார் அன்று. அதே ரிஃப்பை இரண்டு தடவையோ நான்கு தடவையோ தனித்தனியாக வாசித்து இடதும் வலதும் பிரித்துப் போட்டிருப்பார்கள்; ஒவ்வொன்றிலும் கெயின் நாம் நினைப்பதைவிடக் குறைவு. கனத்தில் பாதி பேஸ் கிட்டாருடையது. தனி ஆளாக அதைக் கெயினால் ஈடுகட்டப் போனால் ஒவ்வொரு அடியும் அடுத்ததில் ஒழுகிக் குழம்பாகிவிடும்.

குழம்பைக் கெட்டியாக்கும் வழி மெட்டல்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்: ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை ஆம்புக்கு முன்னால் வைத்து, டிரைவைப் பூஜ்யத்துக்கும் லெவலை முழுதுக்கும் கொண்டுபோவது. அந்தப் பெடல் அடிப் பகுதியைக் குறைத்து மிட்டைத் தூக்கி அனுப்புகிறது. டிஸ்டார்ஷனுக்குள் பேஸ் குறைவாகப் போவதால் தாழ்ந்த நரம்புகள் இறுகுகின்றன; குறைந்த பேஸை ஆம்பின் குமிழில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பேஸை டிஸ்டார்ஷனுக்கு முன் குறைப்பதும் பின் கூட்டுவதும் ஒன்றல்ல என்பது இதில் கவனிக்க வேண்டியது. கட்டானாவின் பூஸ்டர் பகுதியிலேயே இந்த வகை இருக்கிறது, தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம்.

ஸ்வீடன் டெத் மெட்டலின் ரம்பச் சத்தம் வேண்டுபவர்கள் மட்டும் இதற்கு நேர்மாறாகப் பாஸ் எச்எம்-2 பெடலில் எல்லாக் குமிழையும் முழுதாகத் திருப்புவார்கள். அது தனி மதம், நான் தலையிடுவதில்லை.

ஜூன் 15

தம்பி வரும் சனிக்கிழமை காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக் கடைக்குப் போவதாக எழுதியிருக்கிறார். அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் 1842இல் தொடங்கியது, அங்கே ஒருமுறை நுழைந்து வருவதே ஒரு பாடம். எந்தக் கடையானாலும் உங்கள் கிட்டாரையும் கேபிளையும் கொண்டுபோங்கள். கடையின் விலையுயர்ந்த கிட்டாரில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துக் க்ளீனில் தொடங்குங்கள். பிறகு டிஸ்டார்ஷன். கடைப் பையன் சத்தத்தை ஏற்றிக் காட்டுவார். நீங்கள் வீட்டு அளவுக்குக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அடி நரம்பை அமுக்கி நான்கு முறை வேகமாக அடித்துச் சட்டென்று நிறுத்துங்கள்: அடிகளுக்கு நடுவே இடைவெளி கேட்கிறதா, நிறுத்தியதும் நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாகக் கிட்டார் வால்யூமை ஐந்துக்கு இறக்கி, டிஸ்டார்ஷன் தெளிகிறதா அல்லது போர்வை போர்த்தியதுபோல் மங்குகிறதா என்று கேளுங்கள். மங்கினால் வேறு மாடலைப் போடச் சொல்லுங்கள்.

ஜூன் 22

வாங்கிவிட்டாராம், கட்டானா 50 தான். வீட்டுக்கு என்ன அமைப்பு என்று கேட்டிருக்கிறார். பிரவுன், 0.5 வாட், கெயின் ஐந்து, பேஸ் ஐந்து, மிட் ஐந்து, ட்ரெபிள் நான்கரை, பூஸ்டர் டிரைவ் பூஜ்யம், நாய்ஸ் சப்ரஸர் அடி நரம்பு நிற்கும் அளவுக்கு மட்டும். மேடைக்குப் போகும்போது பேஸை நான்குக்கு இறக்கி மிட்டை ஆறரைக்கு ஏற்றித் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். தரையில் வைக்காமல் நாற்காலிமேல் தூக்கி வையுங்கள். ஸ்பீக்கர் முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருந்தால் உங்கள் காதுக்கு ட்ரெபிள் தெரியாது, முன்வரிசைக்காரர்களுக்குத்தான் குத்தும்.

ஜூன் 23

சீனியரின் 6505 இன்னும் விற்கவில்லை என்று தம்பி சொல்கிறார், யாராவது வாங்கலாமா என்றும் கேட்கிறார். கேபினெட் வைத்திருக்கும், தனி வீட்டில் இருக்கும், மெட்டல் மட்டுமே வாசிக்கும் ஆள் தாராளமாக வாங்கலாம். வாங்குமுன் கேபினெட்டை அங்கேயே கொண்டுபோய் இணைத்துப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் வாசித்தபின்னும் சத்தம் தேயாமல் இருக்கிறதா, நான்கு 6எல்6 வால்வுகளில் எதுவும் தகடு சிவந்து ஒளிர்கிறதா என்று விளக்கை அணைத்துப் பார்க்க வேண்டும். சிவந்தால் உடனே அணைத்துவிட்டு, மெக்கானிக்கிடம் காட்டியபின் விலை பேசுங்கள்.